ரோமாபுரி வீதிகளில் ரொட்டி சுமந்தவர்

மே மாதம் 18-ந் தேதி அர்ச். காந்தலீச்சே பெலிக்ஸ் என்பவருடைய திருநாள். பெலிக்ஸ் என்று பெயர் வைத்த பிள்ளைகள் நம் பங்குகளில் ஏராளம். எந்தப் பெலிக்ஸ் என்று கேட்டால் தகப்பன்மார் திருதிருவென்று விழிப்பார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. இந்தப் பெலிக்ஸ் மேடையேறிப் பிரசங்கம் செய்தவர் அல்ல, வாளுக்குத் தலை கொடுத்த வேதசாட்சியும் அல்ல. எழுதப் படிக்கத் தெரியாதவர். ஏறக்குறைய நாற்பது வருஷம் ரோமாபுரியில் வீடு வீடாய் ஏறி இறங்கி, ஜனங்கள் கொடுத்த ரொட்டியையும் திராட்சரசத்தையும் தோளில் சுமந்து மடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அவருடைய உத்தியோகம் முழுவதும் இவ்வளவுதான்.

அவரைப்பற்றி இந்த வாரம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இப்பொழுது நம் குடும்பங்களில் எத்தனையோ வாலிபர்கள், சில பெண்பிள்ளைகளுங்கூட, முதுகில் பெரிய பையை மாட்டிக்கொண்டு பைக்கில் ஓட்டல் சாப்பாட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைக்கிறார்கள். பிள்ளை என்ன செய்கிறான் என்று கேட்டால், இன்னும் சரியான வேலை அமையவில்லை சுவாமி, சாப்பாடு டெலிவரிதான் செய்கிறான் என்று தாய்மார் குரலைத் தாழ்த்திச் சொல்லுகிறார்கள். பக்கத்தில் நிற்கும் பையனும் தலையைக் குனிந்துகொள்ளுகிறான். ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலிலே செல்போனைக் கையில் பிடித்தபடி நின்று, பூசை முடியுமுன் நழுவிப்போகிற பிள்ளைகளும் உண்டு. ஜெபம் ஒரு பக்கம், பிழைப்பு ஒரு பக்கம் என்று அவர்கள் பாகம் பிரித்துவிட்டார்கள். பிழைப்பின் பக்கத்தில் ஆண்டவருக்கு அலுவல் ஒன்றுமில்லை என்று நினைக்கிறார்கள். பெலிக்ஸ் சகோதரருடைய சரித்திரத்தை அந்தப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் வாசிக்கவேண்டுமென்பது என் ஆசை.

ரோமாபுரிக்கு வடகிழக்கே, ரியேத்தி பட்டணத்தை அடுத்த மலைப்பாங்கில் காந்தலீச்சே என்ற சிற்றூர் இருக்கிறது. 1515-ம் வருஷத்தையொட்டி அங்கே ஓர் ஏழைக் குடியானவர் வீட்டில் பெலிக்ஸ் பிறந்தார். பெற்றோருக்குப் பக்தி நிறைய இருந்தது, வருமானந்தான் போதவில்லை. ஆகவே பத்து வயதளவில் பையனைச் சித்தாதுக்காலே என்ற பக்கத்து ஊரில் ஒரு செல்வர் வீட்டில் வேலைக்கு விட்டார்கள். முதலில் மந்தை மேய்த்தார். கை கால் உரம் பெற்றபின் ஏர் பிடித்தார். பள்ளிக்கூடத்தை அவர் கண்டதேயில்லை.

மேய்ச்சல் காட்டில் ஒரு மரத்தின் பட்டையிலே சிலுவை ஒன்றைச் செதுக்கி வைத்து, மற்றப் பையன்கள் விளையாடும் நேரத்தில் அதன்முன் முழங்காலில் நின்று பரலோக மந்திரமும் அருள் நிறை மந்திரமும் சொல்லுவாராம். ஏர் பிடித்த காலத்திலும் இப்படியே. கை மேழியைப் பிடித்திருக்கும், கண் காளைகள்மேல் இருக்கும், மனமோ சேசுநாதருடைய பாடுகளைத் தியானித்துக்கொண்டிருக்கும். மடத்தில் சேர்ந்தபிறகு யாரோ கற்றுக்கொடுத்த வித்தை அல்ல இது. கூலி வேலை செய்த காலத்திலேயே, வேலையை நிறுத்தாமல் ஜெபிக்க அவர் பழகிவிட்டார். பின்னால் ரோமாபுரியிலே ஜனங்கள் கண்டு அதிசயித்ததெல்லாம் அந்த உழவுகாட்டில் ஆரம்பித்ததுதான்.

ஒருநாள் இளங்காளைகளை ஏரில் பூட்டி உழுதுகொண்டிருக்கையில் எஜமான் திடீரென்று எதிரே வர, காளைகள் மிரண்டு ஓடின. அடக்கப்போன பெலிக்ஸ் கீழே விழுந்தார். காளைகள் அவரை மிதித்துக்கொண்டு போயின. கலப்பையும் அவர்மேல் ஏறி இழுபட்டது. உடம்பு கிழிந்திருக்கும் என்று எல்லோரும் பதறி ஓடிவர, அவர் காயமின்றி எழுந்து நின்றார். கிழிந்தது உடுப்பு மாத்திரமே. சந்நியாசம் போகவேண்டும் என்று முன்னமே அவர் உள்ளத்தில் இருந்தது. வனவாசிகளாகிய பழைய தபோதனர்களுடைய சரித்திரத்தைப் பிறர் வாசிக்கக் கேட்டு வளர்ந்த ஆசை அது. இனித் தாமதம் கூடாது என்று அன்று தீர்மானித்து, அவ்வூர்க் கப்புச்சின் மடத்துக் கதவைத் தட்டினார். அப்போது அவருக்கு வயது முப்பதுக்குச் சற்றுக் குறைவு.

அவர் கதவைத் தட்டிய சமயம் எப்படிப்பட்டது தெரியுமா? ஐந்து காய அர்ச். பிரான்சீஸ்குவின் பழைய ஒழுங்கைக் கண்டிப்பாக அனுசரிக்கவேண்டுமென்று பிறந்த கப்புச்சின் சபைக்கு 1528-ல்தான் பாப்பரசருடைய அங்கீகாரம் கிடைத்திருந்தது. பதினான்கு வருஷத்துக்குள், 1542-ல், அந்தச் சபையின் தலைவராகவே இருந்த ஒக்கீனோ என்பவர், இத்தாலி தேசமெங்கும் பேர்பெற்ற பிரசங்கி, திருச்சபையை விட்டு ஜெனீவாவுக்கு ஓடிப்போனார். சபை முழுவதன்மேலும் சந்தேகம் விழுந்தது. கப்புச்சின் குருக்கள் பிரசங்கம் செய்யக்கூடாதென்று தடை வந்தது. சபையையே கலைத்துவிடலாமா என்றுகூட ரோமாபுரியில் ஆலோசித்தார்கள். அந்த அவமானம் ஆறுவதற்குள், 1543-ம் வருஷத்தையொட்டி, எழுத்து வாசனையில்லாத இந்த உழவர் வந்து சேர்ந்தார். பெரிய நாவன்மை படைத்தவர் கெடுத்துவிட்டுப் போன நற்பெயரை, ரொட்டிப் பை சுமந்த ஒருவர் நாற்பது வருஷம் தெருவில் நடந்தே மீட்டுக்கொடுத்தார் என்பது என் அபிப்பிராயம். (இதே சபையைச் சேர்ந்த எப்ரேம் சுவாமியார் என்ற பிரெஞ்சுக் குருவானவரே 1642-ல் சென்னைப் பட்டணத்தில் வேதபோதக அலுவலை ஆரம்பித்தவர். அதை வேறொரு வாரம் எழுதலாம்.)

நவசந்நியாசம் முடிந்து 1545-ல் வார்த்தைப்பாடு கொடுத்தார். சில வருஷங்களுக்குள் சிரேஷ்டர்கள் அவரை ரோமாபுரிக்கு அனுப்பினார்கள். குயிரினால் குன்றின் அடிவாரத்தில், இப்போது பெயர்பெற்ற திரேவி நீரூற்று இருக்கும் இடத்துக்கு அருகே, அர்ச். பொனவெந்தூர் பெயரால் கப்புச்சின் மடம் ஒன்று இருந்தது. சாகும்வரை அதுவே அவருக்கு வீடு.

அந்த மடத்துக்கு நிலபுலம் கிடையாது, வாடகை வருமானம் கிடையாது. ஜனங்கள் அன்றன்று கொடுக்கிற தர்மமே ஆகாரம். அதை வாங்கி வருவதற்கென்று ஒரு சகோதரரை நியமிப்பார்கள். அவர் பை வெறுமையாய்த் திரும்பினால் அன்றைக்குச் சகோதரர்கள் எல்லோருக்கும் பட்டினி. இந்த வேலை பெலிக்ஸ் தலையில் விழுந்தது. முதலில் ரொட்டிக்காகவும், பிற்காலத்தில் திராட்சரசத்துக்கும் எண்ணெய்க்குமாகவும் போனார். முன்னும் பின்னும் தொங்குகிற இரட்டைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு, மழையென்றும் வெயிலென்றும் பாராமல் நடப்பார். கூட வருகிற சகோதரருக்கு அவர் கற்றுக்கொடுத்த ஒழுங்கு சுருக்கமானது: கண்ணைத் தரையில் வைத்து, மனதை மோட்சத்தில் வைத்து, கையில் ஜெபமாலையைப் பிடித்துக்கொள்ளவேண்டும். அவ்வளவு சந்தடியிலும் ஜெபம் எப்படி வருகிறது என்று கேட்டவர்களுக்கு, கண்ணில் படுகிற எந்தப் பொருளும் சர்வேசுரனை நினைக்கச் செய்கிறது என்கிற கருத்தில் அவர் பதில் சொல்லுவார்.

எதற்கெடுத்தாலும் அவர் வாயில் வருவது தேயோ கிராசியாஸ் என்ற இலத்தீன் வார்த்தை. சர்வேசுரனுக்குத் தோத்திரம் என்று அர்த்தம். நம் பெரியவர்கள் சுவாமியாரைக் கண்டால் தோத்திரம் சுவாமி என்று கும்பிடுவார்களே, அந்தத் தோத்திரந்தான். ரொட்டி கொடுத்த கைக்கும் அதுவே, கதவைச் சாத்திய கைக்கும் அதுவே. தெருப் பிள்ளைகள் அவரைத் தூரத்தில் கண்டதுமே தேயோ கிராசியாஸ் என்று கூவிக்கொண்டு ஓடிவருவார்கள். அவரும் அப்படியே பதில் கூவுவார். முடிவில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. பிள்ளைகளை ஒன்றுசேர்த்துச் சின்னச் சின்ன ஞானப் பாட்டுகளைத் தாமே கட்டிப் பாடி, அவர்களையும் பாடச் செய்வார். ஒருமுறை வாளை உருவிக்கொண்டு சண்டையிட்ட இரண்டு பிரபுக்களின் நடுவே புகுந்து, இருவரும் முதலில் தேயோ கிராசியாஸ் சொல்லவேண்டுமென்று பிடிவாதமாக நின்றாராம். வெட்கப்பட்டோ வேடிக்கையாகவோ இருவரும் சொல்லிவிட்டார்கள். அப்புறம் வாள் வீச யாருக்குக் கை வரும்? சமாதானமாகிப் போனார்கள் என்று பழைய சரித்திரங்கள் சொல்லுகின்றன.

தம்மைக் கப்புச்சின்மாருடைய கழுதை என்று அவரே சொல்லிக்கொள்ளுவார். கூட்டமான இடங்களில், கழுதைக்கு வழிவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டே நுழைவார். கழுதையைக் காணோமே என்று ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பையோடு இவர்தான் நிற்பார். இதை வெறும் விகடமென்று தள்ளிவிடலாகாது. பிறர் பார்த்து இகழ்கிற சுமை எதுவோ அதைத் தாமே முந்திக்கொண்டு சந்தோஷமாய்ச் சொல்லிவிட்டவரை, அப்புறம் எந்த வசை தைக்கும்?

இங்கே ஒன்றை ஒளிக்காமல் எழுதவேண்டும். பெலிக்ஸுடைய அலுவலும் நம் பிள்ளைகளுடைய அலுவலும் எல்லா விதத்திலும் ஒன்றாகா. அவர் வாங்கிவரப் போனார், இவர்கள் கொடுக்கப் போகிறார்கள். அவருக்குப் பெண்சாதி பிள்ளைகள் இல்லை, வண்டிக்கு மாதத் தவணை இல்லை, இத்தனை நிமிஷத்துக்குள் போய்ச்சேர் என்று கையிலிருந்து மணியடிக்கும் யந்திரம் இல்லை. மடத்துக் கூரை அவருக்கு நிச்சயம். கொட்டுகிற மழையில் பெட்ரோலுக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டு நாலாவது மாடி ஏறுகிற பிள்ளையிடம், அர்ச். பெலிக்ஸைப்போல் சந்தோஷமாயிரு என்று சொல்லிவிட்டு நாம் மின்விசிறியின்கீழ் உட்கார்ந்திருப்பது எளிது. அவனுக்குக் கிடைக்கிற கூலி நியாயமானதா, விபத்து நேர்ந்தால் அவன் வீட்டாருக்குக் கதி என்ன என்பவை தனியே கேட்கவேண்டிய கேள்விகள். பாப்பரசர் 13-ம் சிங்கராயர் 1891-ல் தொழிலாளரைக் குறித்து நிருபம் எழுதிய நாள்முதல் திருச்சபை அவற்றைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. பக்தியைக் காட்டி நியாயத்தை மூடக்கூடாது.

ஆனால் அந்தப் பிள்ளையின் மனதை அரிக்கிற வேறொரு கேள்விக்குப் பெலிக்ஸிடம் பதில் இருக்கிறது. பிறருடைய சோற்றைத் தூக்கிக்கொண்டு நாள் முழுவதும் தெருவில் திரிகிறேனே, இதில் சர்வேசுரன் எங்கே இருக்கிறார் என்பதே அது. பெலிக்ஸ் அவரைத் தேடி மலைக்குகைக்குப் போகவில்லை. பையை இறக்கி வைத்தபிறகு ஜெபிக்கலாம் என்று தள்ளிப்போடவுமில்லை. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையிலுள்ள தூரமே அவருக்கு ஜெபநேரம். பைக் ஓட்டுகிறவன் ஜெபமாலையைக் கையில் பிடிக்க முடியாது, கண்ணைத் தரையில் பதிக்கவுங் கூடாது. சிவப்பு விளக்கையும் எதிரே வரும் லாரியையும் பார்த்து ஓட்டுவதே அவனுக்கு முதல் புண்ணியம். ஆயினும் ஓட்டல் வாசலில் பொட்டலத்துக்காகக் காத்து நிற்கிற பத்து நிமிஷமும், கதவைத் தட்டிவிட்டு நிற்கிற ஒரு நிமிஷமும் அவனுக்குச் சொந்தமானவை. அந்தக் கதவுக்குள் இருப்பவர் காய்ச்சலில் படுத்த கிழவராயிருக்கலாம், சமைக்கப் பெலனில்லாத கர்ப்பிணியாயிருக்கலாம். அவர்களுக்காக ஓர் அருள் நிறை மந்திரம் சொல்ல எந்தச் செல்போனும் தடுக்காது.

பெலிக்ஸ் சுமந்த பையிலிருந்தது எல்லாம் மடத்துக்கே போய்ச் சேர்ந்ததென்று எண்ணவேண்டாம். சிரேஷ்டருடைய உத்தரவு பெற்று, வழியில் கண்ட ஏழைகளுக்கும், வெளியே சொல்ல வெட்கப்பட்டுப் பட்டினி கிடந்த குடும்பங்களுக்கும் அதிலிருந்து பங்கு கொடுப்பார். நோயாளிகளைப் போய்ப் பார்ப்பார். உத்தரவு பெற்று என்று எழுதியதைக் கவனியுங்கள். தர்மம் செய்கிறோம் என்ற பெயரில்கூட, தம்மை நம்பி ஒப்படைத்த பண்டத்தில் அவர் தன்னிச்சையாய்க் கைவைக்கவில்லை.

இரவில் சகோதரர்கள் தூங்கியபின் அவர் கோவிலுக்குப் போய்விடுவார். மிகச் சொற்ப நேரமே தூங்குவது வழக்கம். அவர் என்னதான் செய்கிறார் என்று பார்க்கச் சிலர் ஒளிந்திருந்ததும் உண்டு. ஓர் இரவில் தேவதாய் காட்சி கொடுத்துத் திருப்பாலனை அவர் கையில் வைத்ததாகச் சபையின் பாரம்பரியம். ஸ்பெயின் தேசத்துப் பெரிய சித்திரக்காரரான முரீயோ, செவீல் நகரக் கப்புச்சின் கோவிலுக்காக இதைப் படமாக எழுதியிருக்கிறார். நரைத்த தாடியோடு கிழவர் பாலனை ஏந்தியிருக்க, காலடியிலே ரொட்டிப் பை கிடக்கிறது.

படிப்பைக் குறித்து யாராவது கேட்டால், தமக்குத் தெரிந்தது ஆறே எழுத்துக்கள், ஐந்து சிவப்பு, ஒன்று வெள்ளை என்பாராம். சிவப்பு ஐந்தும் ஆண்டவருடைய திருக்காயங்கள், வெள்ளை கன்னிமரியம்மாள். ஆனால் இந்த ஆறெழுத்துக்காரரிடம் ஆலோசனை கேட்க வந்தவர்கள் யார்? மிலான் அதிமேற்றிராணியாரான அர்ச். சார்லஸ் பொரோமேயு, தாம் ஸ்தாபித்த குருக்கள் சபைக்கு ஒழுங்குகள் எழுதியபோது அர்ச். பிலிப்பு நேரியின் யோசனையை நாடினார். பிலிப்போ, என்னைவிட இதற்குத் தகுந்தவர் உண்டென்று சொல்லிப் பெலிக்ஸிடம் கொண்டுபோனார். வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி அபிப்பிராயம் கேட்டார்கள்.

பிலிப்பு நேரிக்கும் இவருக்கும் இருந்த சிநேகம் விசித்திரமானது. தெருவில் சந்தித்தால், நீர் சேசுவுக்காகச் சுட்டெரிக்கப்படக் காண்பேனாக, நீர் துண்டு துண்டாய் வெட்டப்படக் காண்பேனாக என்று ஒருவரையொருவர் வாழ்த்திக்கொள்ளுவார்கள். ஒருநாள் பெலிக்ஸ் தோளில் திராட்சரசக் குடுவையோடு வந்தார். பிலிப்புக்குத் தாகமா என்று கேட்டுக் குடுவையை நீட்ட, ரோமாபுரி முழுவதும் மதிக்கிற அந்தக் குருவானவர் நடுத்தெருவில் நின்று குடுவையோடு வாய்வைத்துக் குடித்தார். ஜனங்கள் கூடிவிட்டார்கள். பதிலுக்குப் பிலிப்பு தம் தொப்பியைக் கழற்றி இவர் தலையில் வைத்து, இப்படியே நட என்றார். இரண்டு அர்ச்சியசிஷ்டர்கள், இருவரும் சிரிப்புக்கிடமாக வேண்டுமென்றே நின்றார்கள்.

பெரியவர்களிடம் அவர் அஞ்சினவருமல்ல. பிரான்சிஸ்கன் துறவியாயிருந்து கர்தினாலான பெலிச்சே பெரெத்தி என்பவரிடம், நீர் பாப்பரசரானால் சர்வேசுரனுடைய மகிமைக்காக ஆளும், இல்லாவிட்டால் சாதாரணத் துறவியாகவே இருப்பது மேல் என்ற கருத்தில் முகத்துக்கெதிரே சொன்னார். 1585-ல் அவரே ஐந்தாம் சிக்ஸ்துஸ் என்ற பெயரில் பாப்பரசரானார். அதன்பிறகும் வழியில் கண்டால் பெலிக்ஸிடம் ஒரு ரொட்டி கேட்பார். ஒருதரம் பைக்குள் கைவிட்டபோது அகப்பட்டது கறுத்த முரட்டு ரொட்டி. பெலிக்ஸ் அதை மாற்றவில்லை. பொறுத்துக்கொள்ளும் பரிசுத்த பிதாவே, நீரும் ஒரு துறவிதானே என்று சொல்லி அதையே கையில் கொடுத்தார்.

வயது எழுபதைத் தாண்டியது. வயிற்று நோவு வாட்டியது. இனி இவரை ஓய்வில் வைக்கச் சிரேஷ்டரிடம் சொல்லுகிறேன் என்று ஒரு கர்தினால் இரங்கினார். பெலிக்ஸ் சம்மதிக்கவில்லை. போர்வீரன் வாளோடும், கழுதை சுமையோடும் சாகவேண்டும் என்பதே அவர் சொன்ன பதில். 1587-ம் வருஷம், இஸ்பிரீத்து சாந்து திருநாளுக்கு அடுத்த திங்கட்கிழமை, மே 18-ந் தேதி, மடத்தில் மரித்தார். சாகும் தறுவாயில் தேவமாதாவைச் சம்மனசுகளோடு கண்டதாகச் சொன்னாராம்.

செய்தி பரவியதும் ரோமாபுரி ஜனங்கள் மடத்தை நெருக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸ் தாமதமின்றி விசாரணைக்குக் கட்டளையிட்டார். அவரோடு நடந்த சகோதரர்கள், அவரைத் தெருவிலும் வாசலிலும் கண்டு பழகிய பட்டணத்தார் எனப் பலரும் அந்த வருஷமே வந்து சத்தியம்பண்ணிச் சாட்சி சொன்னார்கள். ஓர் எழுத்தும் எழுதாதவருடைய சரித்திரம் இத்தனை நுணுக்கமாய் நம் கைக்கு வந்தது அவர்களால்தான். 1625-ல் எட்டாம் உர்பானுஸ் அவருக்கு முத்திப்பேறுபெற்றவர் பட்டமும், 1712-ல் பதினோராம் கிளெமெந்து அர்ச்சியசிஷ்டப் பட்டமும் அளித்தார்கள். கப்புச்சின் சபையில் அந்தப் பட்டம் பெற்றவர்களில் அவரே முதல்வர். அவருடைய சரீரம் ரோமாபுரியில் வியா வேனெத்தோ வீதியிலுள்ள கப்புச்சின் கோவிலில் இருக்கிறது.

அவருடைய திருநாளன்று காலை 5-30 மணிப் பூசை, நம் பங்கில் டெலிவரி வேலை செய்கிற பிள்ளைகளுக்காக ஒப்புக்கொடுக்கப்படும். ஆறேகாலுக்குள் முடிந்துவிடும். வண்டியையும் பையையும் மந்திரிக்க விரும்புகிறவர்கள் அவற்றைக் கெபிப் பக்கமாக நிறுத்தலாம். அந்நேரம் வர இயலாதவர்கள் இரவு எத்தனை மணிக்கு வேலை முடிந்து வந்தாலும் அறைவீட்டு மணியை அடிக்கலாம்.